கைமாற்றாகப் பிறந்த ஆயுள் சந்தா

கையில் காசில்லாத நேரத்தில் பிறந்தது ஆயுள் சந்தா. இன்று ஏதாவது ஒரு மென்பொருளின் விலைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மாதச் சந்தா, வருடச் சந்தா என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். பக்கத்திலேயே ‘லைஃப்டைம்’ என்று மூன்றாவதாக ஒரு கட்டம் பளபளக்கும். பழைய விலையை அடித்துவிட்டுப் புது விலை போட்டிருப்பார்கள். சலுகை இன்று இரவோடு முடிகிறது என்று கீழே ஒரு கடிகாரமும் ஓடும். அந்த மூன்றாவது கட்டத்தின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், ஒரு விமானக் கம்பெனியின் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

1980-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கு 7.6 கோடி டாலர் நஷ்டம். கடன் வாங்கலாம் என்றால், அந்த டிசம்பரில் அமெரிக்க வங்கிகளின் முதன்மை வட்டி விகிதம் 21.5 சதவீதத்தில் நின்றது. வங்கிக்குப் போகாமல் பணம் புரட்ட ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1981-ல் வந்தது ‘ஏஏர்பாஸ்’. 2.5 லட்சம் டாலர் கட்டினால் முதல் வகுப்பில் ஆயுள் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் பறக்கலாம். இன்னும் 1.5 லட்சம் போட்டால் கூட ஒருவரையும் அழைத்துப் போகலாம். வங்கியில் வாங்கினால் வட்டி உண்டு, தவணை உண்டு, கெடு உண்டு. வாடிக்கையாளரிடம் வாங்கிய இந்தக் கைமாற்றுக்கு அவை எதுவும் கிடையாது. திருப்பித் தர வேண்டியது எப்படியும் காலியாகப் பறக்கப்போகிற ஓர் இருக்கையைத்தான்.

கணக்கு எங்கே இடறியது என்றால், வாங்கியவர்கள் நிஜமாகவே பறந்தார்கள். வாங்கியவர்கள் சுமார் 66 பேர்தான். ஆனால் அதில் சிலர் பஸ் ஏறுவதைப் போல விமானம் ஏறினார்கள். கம்பெனி விலையை ஏற்றிப் பார்த்தது. 1990-ல் 6 லட்சம் டாலர், 1993-ல் 10 லட்சத்துக்கும் மேல். கடைசியில் 1994-ல் விற்பனையையே நிறுத்தியது. விற்றதை என்ன செய்வது? 2007 வாக்கில் கணக்குப் பிரிவினர் உட்கார்ந்து கூட்டிப் பார்த்ததில், அதிகம் பறந்த இருவரால் மட்டும் தலைக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் போகிறது என்று வந்தது. 2008 டிசம்பரில், 1987-ல் பாஸ் வாங்கிய ஒருவர் சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்துக்கு வழக்கம்போல வந்தார். போர்டிங் பாஸுக்குப் பதிலாக அவர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள். உங்கள் பாஸ் ரத்து. கூட வருபவருக்கான இருக்கையைப் பொய்ப் பெயரில் பதிவு செய்தார் என்பது குற்றச்சாட்டு. உங்கள் ஊழியர்களுக்குத் தெரிந்துதானே அப்படிச் செய்தேன் என்பது அவர் வாதம். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். விதிமீறல் இருபது ஆண்டுகளாகக் கண்ணில் படாமல் இருந்து, செலவைக் கூட்டிப் பார்த்த பிறகு திடீரென்று பட்டது என்பதைக் கவனியுங்கள். பின்னால் வரும் கதைகளிலும் இதே வரிசைதான்.

மென்பொருளுக்குத் தொடக்கத்தில் இந்தச் சிக்கல் இல்லை. 1982-ல் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் என்பவர் ‘பிசி-டாக்’ என்ற நிரலை எழுதி, நண்பர்களுக்கு நகலெடுத்துக் கொடுங்கள், பிடித்திருந்தால் 25 டாலர் அனுப்புங்கள் என்றார். ஷேர்வேர் மரபின் தொடக்கங்களில் அது ஒன்று. ஃப்ளாப்பி வட்டு வாங்கியவர் வீட்டில் இருந்தது. அவருடைய கணினியில், அவருடைய மின்சாரத்தில் ஓடியது. வட்டும் கணினியும் கெடாத வரை நிரலும் ஓடும். எழுதியவருக்கு அதற்குப் பிறகு ஒரு காசு செலவில்லை. ஆயுளுக்கும் தருகிறேன் என்று யாரும் வாக்குக் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. விற்ற பொருள் விற்றவரின் சர்வரிலேயே தங்கிவிட்ட காலத்தில்தான் அந்த வாக்குறுதிக்கு வேலை வந்தது. சர்வர் என்றால் மின்கட்டணம், குளிர்சாதனம், கெட்டுப்போகும் வன்தட்டு, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்க்க ஓர் ஆள். பணம் ஒரு தடவை வருகிறது, செலவு மாதாமாதம் வருகிறது. இந்தப் பொருத்தமின்மை ஆயுள் சந்தாவின் பிறவிக் கோளாறு.

இதை முதலிலேயே புரிந்துகொண்டு சாமர்த்தியமாக நடந்தது டிவோ. 1999-ல் வந்த டிவி நிகழ்ச்சிப் பதிவுப் பெட்டி அது. நிகழ்ச்சி அட்டவணையைத் தினமும் தொலைபேசி வழியாக இறக்கிக்கொள்ளும், அதற்குச் சந்தா. ஒரே தடவையாக 199 டாலர் கட்டினால் ஆயுள் சந்தா. யாருடைய ஆயுள் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது: பெட்டியின் ஆயுள். பெட்டி கெட்டால் சந்தாவும் போச்சு. வாங்குபவரின் காதில் தன் ஆயுள் என்று விழுந்திருக்கும், அது வேறு விஷயம். ஆனால் எழுதி வைத்ததால் பின்னால் பெரிய வம்பில்லை. நம்மூர்ச் சிற்றிதழ்களுக்கு ஆயுள் சந்தா கட்டியவர்களுக்கும் இது தெரிந்த சங்கதிதான். பெரும்பாலும் இதழ்தான் முதலில் கண்ணை மூடும், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இனி டெக்ஸ்ட்டிரைவுக்கு வருவோம். இணையச் சேவையில் ஆயுள் சந்தா எப்படிப் பிறந்து எப்படி இறந்தது என்பதை முழுசாகப் பார்க்க இதைவிடத் தோதான கதை கிடையாது.

டீன் ஆலன் கனடாக்காரர். எழுத்துருவும் புத்தக வடிவமைப்பும் அவர் தொழில். 2000-களின் தொடக்கத்தில் தெற்கு பிரான்ஸில் ஒரு கிராமத்தில் இருந்துகொண்டு தன் தளத்தில் அழகாக எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கென்று ஒரு வாசகர் கூட்டம் இருந்தது. இணையத்தில் எழுதுபவர்களுக்காக ‘டெக்ஸ்டைல்’ என்ற எளிய குறியீட்டு முறையையும், ‘டெக்ஸ்ட்பேட்டர்ன்’ என்ற தளம் நடத்தும் மென்பொருளையும் உருவாக்கினார். இவற்றை ஒழுங்காக ஓட்டக்கூடிய ஹோஸ்டிங், அதாவது தளங்களைத் தாங்கும் சர்வர் இடம், வேண்டியிருந்தது. நாமே ஒன்றைத் தொடங்கலாம் என்று ஜேசன் ஹாஃப்மன் என்பவரோடு சேர்ந்து 2004-ல் இறங்கினார்.

சர்வர் வாங்கப் பணம்? வாசகர்களிடம் கேட்டார்கள். 200 பேர், தலைக்கு 199 டாலர், ஆயுளுக்கும் ஹோஸ்டிங். எத்தனை காலத்துக்கு என்றால், நாங்கள் இருக்கும் வரை என்பது அவர்கள் சொன்ன பதில். திட்டத்துக்கு ‘விசி 200’ என்று பெயர் வைத்தார்கள். வென்ச்சர் கேப்பிட்டல் போடுகிற பெரும்புள்ளிகளின் இடத்தில் 200 சாதாரண வாசகர்கள் என்பது அதிலிருந்த கேலி. எல்லாம் விற்றுத் தீர்ந்தது. 39,800 டாலர் கைக்கு வந்தது. கம்பெனி பிறந்தது.

அந்தப் பெயரில் கேலி பாதி, உண்மை பாதி. அந்த 200 பேர் செய்தது முதலீட்டாளர் செய்கிற வேலைதான்: இன்னும் இல்லாத ஒரு கம்பெனிக்கு முன்பணம் கொடுத்தார்கள், அது மூழ்கினால் தங்கள் பணமும் மூழ்கும் என்று தெரிந்தே கொடுத்தார்கள். ஆனால் முதலீட்டாளருக்குக் கிடைக்கிற பங்குப் பத்திரமும் இல்லை, இயக்குநர் குழுவில் நாற்காலியும் இல்லை. அசல் கைமாற்று போல முகத்தை நம்பிக் கொடுத்த பணம். கம்பெனி நன்றாக வந்தால் அவர்களுக்குக் கிடைப்பது அதே ஹோஸ்டிங் கணக்குதான்.

நன்றாகத்தான் வந்தது. ‘ரூபி ஆன் ரெயில்ஸ்’ அப்போது புதிதாக வந்திருந்த நிரலாக்கச் சட்டகம். அதை ஓட்டத் தெரிந்த ஹோஸ்டிங் என்று டெக்ஸ்ட்டிரைவுக்குப் பெயர் பரவியது. 2005 நவம்பரில் ஜோயண்ட் என்ற கம்பெனியோடு இணைந்தது. பிறகு ஜோயண்ட் என்ற பெயரே நிலைத்தது. பணம் தேவைப்பட்டபோதெல்லாம் இன்னும் கூடுதல் விலையில் ஆயுள் கணக்குகளை விற்றார்கள். முதல் தடவை பலித்த வித்தை அல்லவா! ட்விட்டர்கூடத் தன் தொடக்க ஆண்டுகளில் ஜோயண்ட் சர்வர்களில்தான் ஓடியது. கம்பெனி மேகக் கணிமைப் பக்கம் நகர்ந்தது. பெரிய நிறுவனங்கள் வாடிக்கையாளர்களாயின. பெரிய முதலீட்டாளர்கள் உள்ளே வந்தார்கள். 2012 ஜனவரியில் ஒரே சுற்றில் 8.5 கோடி டாலர் திரட்டியது ஜோயண்ட்.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஆயுள் சந்தாதாரர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. உங்கள் கணக்குகள் இருக்கும் பழைய பகிர்வு ஹோஸ்டிங்கை மூடுகிறோம், அக்டோபர் 31-க்குள் காலி செய்துகொள்ளுங்கள். ஈடாகப் புதிய சேவையில் ஓராண்டு இலவசம். ஆயுளுக்கு ஈடு ஓராண்டு!

நாங்கள் இருக்கும் வரை என்றார்களே, இருக்கிறார்களே என்பதுதான் அத்தனை பேரும் கேட்ட கேள்வி. திவாலான கம்பெனி கையை விரித்தால் அது வேறு. இங்கே கையில் 40,000 டாலர் இல்லாதபோது வாங்கிய கைமாற்றை, 8.5 கோடி டாலர் வந்த ஆண்டில் திருப்பித் தர முடியாது என்கிறார்கள். கம்பெனித் தரப்பிலும் ஒரு கணக்கு இருந்தது, சொல்லிவிட வேண்டும். எட்டு வருடப் பழைய அமைப்பு, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், வருமானமோ பூஜ்யம். புதிதாக வந்த முதலீட்டாளர் யாரும் அந்த 200 பேருக்கு வாக்குக் கொடுத்தவர் அல்லர். வாக்குக் கொடுத்தவர்களில் ஒருவரான ஆலனோ அன்றாட நிர்வாகத்தில் எப்போதோ இல்லாமல் போயிருந்தார். கொடுத்த பெயரும் மாறிவிட்டது, வாக்கு மட்டும் ஒரு வரவு செலவுத் தாளில் செலவுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

கூச்சல் பெரிதானதும் ஒரு சமரசம் வந்தது. டெக்ஸ்ட்டிரைவைத் தனிக் கம்பெனியாகத் திரும்பப் பிரித்து, ஆலனே தலைமை ஏற்று, பழைய ஆயுள் சந்தாதாரர்களைத் தாங்குவார் என்று அறிவித்தார்கள். எல்லோரும் ஆசுவாசப்பட்டார்கள். சட்டத்தின் கண்ணோட்டத்தில் பார்த்தால் அதுதான் கதையின் கெட்டிக்காரத்தனமான இடம். வாக்குறுதி இப்போது பணமுள்ள கம்பெனியின் தலையிலிருந்து பணமில்லாத கம்பெனியின் தலைக்கு மாறியது. சேவை தள்ளாடியது, கேள்விகளுக்குப் பதில் வருவது குறைந்தது. 2014 மார்ச்சில் டெக்ஸ்ட்டிரைவ் மூடப்பட்டது. ‘நாங்கள் இருக்கும் வரை’ என்ற நிபந்தனை எழுத்துப் பிசகாமல் நிறைவேறியது. ஜோயண்டை 2016-ல் சாம்சங் வாங்கியது.

இதற்கிடையில் மென்பொருள் சந்தையே தலைகீழாகிவிட்டது. 2013 மே மாதம் அடோபி இனிமேல் புதுப் பதிப்புகள் சந்தாவில்தான் என்று அறிவித்தது. ஃபோட்டோஷாப்பை ஒரு தடவை வாங்கிப் பத்து வருடம் ஓட்டிய ஸ்டுடியோக்காரர்கள் மாதாமாதம் கட்டத் தொடங்கினார்கள். ஒவ்வொரு கம்பெனியாக இதே வழிக்கு வந்தது. எல்லாமே மாத வாடகை ஆகிவிட்ட பிறகு, ஒரு தடவை கட்டினால் போதும் என்பதே தனிக் கவர்ச்சியாகிவிட்டது. அந்த ஏக்கத்தைக் காசாக்க, 2010-லேயே முளைத்திருந்த ஆப்சுமோ, அதையடுத்து வந்த ஸ்டாக்சோஷியல் போன்ற சலுகைத் தளங்கள் தயாராக இருந்தன. சின்னக் கம்பெனிக்கு ஒரே வாரத்தில் சில ஆயிரம் வாடிக்கையாளர். விலையில் கணிசமான பங்கு தளத்துக்கு. 200 பேரோடு முகம் தெரிந்து நடந்த கைமாற்று இப்போது மொத்த வியாபாரமானது.

அப்படி விற்றவற்றில் ஒன்று விபிஎன்செக்யூர் என்ற ஆஸ்திரேலிய விபிஎன் சேவை, அதாவது நம் இணையப் போக்குவரத்தைத் தன் சர்வர்கள் வழியே மறைத்து அனுப்பும் சேவை. மாதச் சந்தா 9.95 டாலர், ஆயுள் சந்தா சலுகைத் தளங்களில் 28 முதல் 40 டாலர் வரை. அதாவது நான்கு மாதச் சந்தாவுக்கு ஆயுள். விபிஎன் வழியே போகிற ஒவ்வொரு படத்துக்கும் பாட்டுக்கும் அலைவரிசைச் செலவு உண்டு. ஐந்தாவது மாதத்திலிருந்து அந்த வாடிக்கையாளர் கம்பெனிக்கு வெறும் செலவு. வாங்கியவர்களில் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள் என்பதைத் தவிர இந்த விலைக்கு வேறு நியாயம் எதையும் என்னால் காண முடியவில்லை.

2023-ல் இன்ஃபினிட்குவான்ட் என்ற கம்பெனி இந்தச் சேவையை வாங்கியது. 2025 மார்ச்சில் ஆயுள் சந்தாதாரர்களின் கணக்குகள் முடங்கத் தொடங்கின. ஏன் என்று கேட்டுக் கேட்டு, ஏப்ரல் கடைசியில்தான் விளக்கம் வந்தது. தொழில்நுட்பத்தையும், தளத்தின் பெயரையும், வாடிக்கையாளர் பட்டியலையும் வாங்கினோம், கடமைகளை வாங்கவில்லை. ஆயுள் சந்தா விற்கப்பட்டிருப்பதே வாங்கும்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் சில காலம் தாங்கினோம், இனி முடியாது. வேண்டுமானால் சலுகை விலையில் புதுச் சந்தா எடுத்துக்கொள்ளுங்கள்.

சொத்தை மட்டும் வாங்கிக் கடனை விட்டுவிடுவது கம்பெனிச் சட்டத்தில் ஒரு வகைக் கொள்முதல். உலகெங்கும் நடப்பது, அதில் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் பட்டியலை வாங்கினோம், அந்த வாடிக்கையாளர்கள் எதற்காகப் பணம் கட்டினார்கள் என்று பார்க்கவில்லை என்பது எப்படிப்பட்ட கொள்முதல்? வீட்டுப் பத்திரம் பதிகிறவர்கூட வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார். தெரியாது என்று அவர்கள் சொல்வது உண்மையானால், அந்த அறியாமையின் விலையை விற்றவரிடம்தான் வசூலித்திருக்க வேண்டும், வசூலித்தது வாடிக்கையாளரிடம்.

இதெல்லாம் அமெரிக்கா, ஆஸ்திரேலியா சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நாம் எல்லோரும் ஒரு காலத்தில் ஆயுள் சந்தாதாரர்கள்தான். 2005 கடைசியில் ஏர்டெல் 999 ரூபாய்க்கு லைஃப்டைம் ப்ரீபெய்டு கொண்டுவந்தது. மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள், போகப் போக விலையும் இறங்கியது. ரீசார்ஜ் செய்யாவிட்டாலும் இன்கமிங் வந்துகொண்டே இருக்கும். மிஸ்டு கால் கொடுத்தே காலம் தள்ளிய தலைமுறைக்கு அது வரப்பிரசாதம். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு லைஃப்டைம் சிம் போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் எத்தனை லட்சம் பேரோ.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அப்போது செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்ல வேண்டும். லைஃப்டைம் என்றால் எவருடைய லைஃப்டைம் என்று 2006 மார்ச்சிலேயே ஆணையிட்டு வரையறுத்தது: கம்பெனிக்கு உரிமம் இருக்கும் வரை, உரிமம் புதுப்பிக்கப்பட்டால் அதுவரையும். உரிமம் எந்த மாதம், எந்த ஆண்டு முடிகிறது என்பதை வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும் என்றும் சேர்த்தது.

கம்பெனிகள் எப்படிக் கட்டுபடியாக்கின? இன்னொரு நெட்வொர்க்கிலிருந்து நமக்கு அழைப்பு வந்தால், அழைத்தவரின் கம்பெனி நம் கம்பெனிக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று இணைப்புக் கட்டணம் கொடுக்கும். லைஃப்டைம் திட்டங்கள் வந்த காலத்தில் அது 30 பைசா. நாம் ரீசார்ஜே செய்யாவிட்டாலும் நமக்கு வரும் ஒவ்வொரு அழைப்பும் கம்பெனிக்கு வரும்படி. 2009-ல் அது 20 பைசாவாக இறங்கியது, 2015-ல் 14, 2017 அக்டோபரில் 6. ஜியோவும் 2016-ல் வந்து அழைப்புக்குக் காசே இல்லை என்று ஆக்கிவிட்டது. வரும்படி வற்றியது; ஆயுளும் வற்றியது. 2018 நவம்பரில் ஏர்டெலும் வோடஃபோன் ஐடியாவும் 28 நாளைக்குக் குறைந்தது 35 ரூபாய் கட்டாவிட்டால் இணைப்பு இல்லை என்றன. உரிமம் இருந்தது, கம்பெனி இருந்தது, வாக்குறுதி இல்லை. உரிமக் கணக்குப்படி ஒழுங்காக முடிந்த கதை என்றால், அதே ஆண்டு பிப்ரவரியில் திவால் மனு போட்ட ஏர்செல்தான். தமிழ்நாட்டில் அதன் எண் வைத்திருந்தவர்கள் வேறு நெட்வொர்க்குக்கு மாறப் பட்ட பாடு இன்னும் மறந்திருக்காது.

ஆயுள் சந்தா எங்குமே நிலைத்ததில்லை என்றும் சொல்ல முடியாது. பிளெக்ஸ் என்ற மென்பொருள், நம்மிடமுள்ள படங்களையும் பாட்டுகளையும் வீட்டு டிவியில் பார்க்க உதவுவது, இன்றும் தன் பழைய ஆயுள் சந்தாதாரர்களைத் தாங்கி வருகிறது. 2025 ஏப்ரலில் ஆயுள் சந்தாவின் விலையை 119.99 டாலரிலிருந்து 249.99-ஆக ஏற்றியது, ஆனால் ஏற்கெனவே வாங்கியவர்களைத் தொடவில்லை. படங்கள் இருப்பதும் ஓடுவதும் பெரும்பாலும் வாங்கியவரின் சொந்தக் கணினியில். பழைய வாடிக்கையாளரால் கம்பெனிக்குப் பெரிய செலவு இல்லை. ஃப்ளாப்பி காலத்து நிரலுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது அது.

ஆகவே அந்த மூன்றாவது கட்டத்தை அழுத்துவதற்கு முன்பு இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஆயுள் விலையை மாதச் சந்தாவால் வகுத்து, எத்தனை மாதத்தில் போட்ட பணம் கழியும் என்று பாருங்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் போனால் வாங்காதீர்கள். அந்த மென்பொருள் இணைய இணைப்பைப் பிடுங்கிய பிறகும் உங்கள் கணினியில் ஓடுமா என்று பாருங்கள்; ஓடாதென்றால் நீங்கள் வாங்குவது பொருளல்ல, ஒருவருடைய வாக்கு. வாங்கிவிட்டீர்கள் என்றால் ரசீதையும், ‘லைஃப்டைம்’ என்று போட்டிருந்த அன்றைய விளம்பரப் பக்கத்தின் படத்தையும் சேர்த்து வையுங்கள். வெளிநாட்டுக் கம்பெனியைத் துரத்துவது லேசில்லை. விற்றது இந்தியக் கம்பெனி என்றால் வழி இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. சேவை நின்ற இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.